லென்ஸில் இல்லாத பூஞ்சை

போன வருடம் ஆடி மாதத்தில் என் வலது கண் போகத் தெரிந்தது. அது போய்க்கொண்டிருந்த மூன்று வாரமும் நான் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் யாரிடமும் முழுக் கதையைச் சொல்லவில்லை. கண்ணில் சின்ன ஆப்பரேஷன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நான் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். வருடா வருடம் கரும்பலகையில் ஒரு பக்கம் கேமரா, இன்னொரு பக்கம் கண் என்று வரைந்து, கேமராவில் ஃபிலிம் இருக்கிற இடத்தில் கண்ணுக்கு விழித்திரை என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவன். சிரிக்கத்தான் செய்வார்கள்.

எனக்குப் படமெடுக்கும் பைத்தியம் உண்டு. அதிலும் பழைய லென்ஸ் பைத்தியம். ஃபிலிம் காலத்துக் கேமராக்களோடு வந்த லென்ஸ்கள் இவை. பித்தளை, அலுமினியம், கண்ணாடி, அவ்வளவுதான். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. ஃபோகஸ் வேண்டுமானால் வளையத்தைக் கையால் திருப்பித்தான் தேட வேண்டும். லென்ஸின் அடியில் திருகு மரை இருக்கும். இன்றைய டிஜிட்டல் கேமராவின் வாயில் அந்த மரை இருக்காது. இரண்டையும் சேர்த்து வைக்க நடுவில் ஓர் உலோக வளையம் மாட்ட வேண்டும், அதற்குத்தான் அடாப்டர் என்று பெயர். மாட்டிய பிறகும் கேமரா, தன்மேல் லென்ஸே இல்லை என்று அடம்பிடிக்கும். மெனுவுக்குள் போய் 'லென்ஸ் இல்லாவிட்டாலும் படமெடு' என்ற கட்டளையைத் தேடிப் போட வேண்டும். அப்புறம் எல்லாம் நம் கண்ணும் கையும்தான். இந்த 'நம் கண்ணும் கையும்' என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. கேமராவோடு வந்த புது லென்ஸ் தானாகவே ஃபோகஸ் செய்யும். அது குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி என்று சொல்லி அதை விற்றுவிட்டேன். விற்காமல் இருந்திருந்தால் முதல் நாளே இரண்டையும் மாற்றி மாட்டிப் பார்த்து உண்மை தெரிந்திருக்கும்.

பழைய லென்ஸைக் கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். அரக்கோணத்தில் டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். யாரோ கடையில் போட்டுவிட்டுப் போன பெட்டியில் கிடந்தது என்று ஒரு தீபாவளிக்குக் கொண்டுவந்து தந்தார். என் மனைவிக்கு அந்த லென்ஸை அன்றைக்கே பிடிக்கவில்லை. "எங்கண்ணன் உங்களுக்கு ஒரு சக்களத்திய புடிச்சிக் குடுத்துட்டுப் போறான்" என்றாள்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கே.ஜி.கண்டிகைப் பக்கம் எங்கள் நிலத்துக்குப் போயிருந்தேன். கரும்பு ஆள் உயரத்துக்கு நின்றது. தூரத்தில் எங்கள் ஊர் மலையும் மேலே கோயில் கோபுரமும். வரப்பில் நின்று வலது கண்ணை வியூஃபைண்டரில் வைத்து, இடது கண்ணை மூடி, வளையத்தைத் திருப்பினேன். நான் எப்போதும் வலது கண்ணால்தான் பார்ப்பேன். வானத்தில் நாலைந்து கரும்புள்ளிகளும் கொசுவலை நூல் மாதிரி ஒன்றும் மிதந்தன. கேமராவை இறக்கி லென்ஸைக் கழற்றி, வானத்துக்கு நேராகப் பிடித்து அதே வலது கண்ணால் உள்ளே பார்த்தேன். இருந்தது. நூல் நூலாக.

பழைய லென்ஸ் வைத்திருக்கிற எவனுக்கும் இதைப் பார்த்ததும் ஒரே ஒரு வார்த்தைதான் தோன்றும்: பூஞ்சை. ஈரமான அலமாரியில் கிடந்த லென்ஸின் கண்ணாடியில் வெள்ளை நூலாகப் படர்ந்து, விட்டால் கண்ணாடியையே அரித்துவிடும். வரப்பிலிருந்தே பாவாவுக்குப் போன் போட்டேன்.

"பங்கஸ்தான் மாப்ள அது. மழக்காலம் வர்றதுக்குள்ள பிரிச்சி ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சிடுங்க. உட்டா உள்ள பூந்துகினே போவும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டை விரித்து உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் நான்கு மணி நேரம் அந்த லென்ஸைப் பிரித்தேன். உட்கார்ந்திருந்த மணிக்கணக்கைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் ஒரு டாக்டர் அதற்கு வேறு கணக்குச் சொன்னார். முன்பக்க வளையம் இறுகிப்போயிருந்தது. ரப்பர் வாஷரை வைத்து அழுத்தித் திருப்பி, உள்வளையத்தின் காடியில் கூரான கருவியைக் கொடுத்து நெம்பியபோது அது வழுக்கிக் கண்ணாடியின்மேல் ஒரு கோடு போட்டது. என் நெஞ்சில் போட்ட மாதிரி இருந்தது. கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நூல் இருந்தது. எல்லாவற்றையும் துடைத்தேன். துடைத்த பிறகும் இருந்தது.

"கழுவுன தட்டு மாதிரி பளபளன்னு இருக்குது, இன்னும் இன்னாத்த தொடைக்கிறீங்க" என்று போகிற போக்கில் என் மனைவி சொன்னாள்.

"உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன்.

படங்களிலும் அந்தப் புள்ளிகள் இல்லை. ஒரு படத்தில்கூட இல்லை. ராத்திரி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன், வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. எங்கள் கேமராவின் வியூஃபைண்டர் ஒரு குட்டி டிவி. லென்ஸ் உள்ளே அனுப்புகிற அதே காட்சியைத்தான் காட்டும். அங்கே புள்ளி தெரிந்தால் படத்திலும் விழுந்தாக வேண்டும். இதை மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கத் தெரிந்த நான், எனக்கு மட்டும் வேறு பாடம் எடுத்துக்கொண்டேன். லென்ஸில் இருக்கிற தூசி படத்தில் விழாது என்று பழைய லென்ஸ்காரர்கள் சொல்வார்கள், அதனால் விழவில்லை. வியூஃபைண்டரில் தெரிவதற்கு அதன் கண்ணாடியிலும் தனியாகத் தூசி இருக்கும். பார்வையைத் திருப்பினால் புள்ளிகளும் கூடவே நகர்கின்றனவே? உள்ளே தூசி ஒட்டாமல் உதிரியாகக் கிடக்கிறது. எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது.

அந்த வாரமே மின்னல் வந்தது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்திருக்கும்போது ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கீற்று. அடாப்டருக்கும் கேமராவுக்கும் நடுவில் இடுக்கு இருந்தால் வெளிச்சம் கசிந்து உள்ளே அடிக்கும், மலிவான அடாப்டர்களில் இது சகஜம். வயரிங் ஆட்கள் சுற்றுகிற கறுப்பு டேப்பை வாங்கி வந்து அடாப்டரைச் சுற்றினேன். இரண்டு சுற்று, மூன்று சுற்று. ஒரு சாயங்காலம் கரண்ட் போயிருந்தபோது மொட்டை மாடியில் சும்மா நின்றிருந்தேன், கையில் கேமரா இல்லை, அப்போதும் பளிச்சென்றது. நகரிப் பக்கம் மழை என்று நினைத்தேன். துணி எடுக்க வந்தவளிடம், "மின்னுது பாத்தியா?" என்றேன். அவள் நாலா பக்கமும் பார்த்துவிட்டு, "ஒரு மேகங்கூட இல்லியே" என்று துணியோடு இறங்கிப் போய்விட்டாள். நான் இன்னொரு அடாப்டருக்கு ஆர்டர் போட்டேன்.

இரண்டாவது வாரம் அரக்கோணம் போய் லென்ஸைப் பாவாவிடம் காட்டினேன். கடை வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், கடைசியில் சாலிடர் வைக்கும்போது போட்டுக்கொள்கிற பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கியும் பார்த்தார்.

"ஒண்ணுமில்லியே மாப்ள. க்ளீனா கீது. இந்தக் கோடு ஒண்ணுதான். இது நீங்க போட்டதா?"

"நூல் நூலா தெரியுதே பாவா."

"எனக்கொண்ணும் தெர்லயே."

லென்ஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உங்கண்ணனுக்கு கண்ணு போச்சி. டாக்டராண்ட காட்டச் சொல்லு" என்றேன். நிஜமாகவே அக்கறையோடுதான் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

புது அடாப்டர் வந்தது. அதிலும் புள்ளி, அதிலும் மின்னல். ஆனால் புள்ளிகள் பழகிவிட்டன. மிதந்துகொண்டு அவை பாட்டுக்கு இருந்தன. இப்படியே ஓட்டிவிடலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகை அன்று காலையில் மலைக்குப் போனேன். ஊர் முழுக்கக் காவடி. மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாகக் கூட்டம் படியை அடைத்துக்கொண்டு ஏறியது. பாதிப் படியில், திருப்பத்தில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். பத்து அடித் தூரத்துக்கு ஃபோகஸை வைத்துவிட்டு, அந்த இடத்துக்கு ஒரு முகம் வரும்வரை காத்திருந்து அழுத்துவது என் வழக்கம். ஒரு பெரியவர் மயில்தோகைக் காவடியோடு வந்தார். அழுத்தினேன். அப்போதுதான் பார்த்தேன், இடது பக்கம் கீழ் மூலையில் கறுப்பாக ஏதோ மறைத்தது. அவருடைய கால்கள் அந்தக் கறுப்புக்குள் போயின.

டேப் அவிழ்ந்து உள்ளே தொங்குகிறது என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தேன். டேப் ஒழுங்காக இருந்தது. அடாப்டர் கோணலாக உட்கார்ந்திருக்கும் என்று இறுக்கி மாட்டினேன். கறுப்பு போகவில்லை. சரி, முகத்தையாவது எடுப்போம் என்று கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினேன்.

கேமராவுக்குள் ஏதாவது மறைத்திருந்தால், கேமரா திரும்பும்போது அதுவும் கூடவே திரும்பி வேறு மூலைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதே இடது பக்கம், அதே கீழே. மறுபடி படுக்கை வாட்டத்தில் வைத்தேன். அங்கேயே. மறுபடி செங்குத்தாக. அங்கேயே. கேமரா சுற்றியது, கறுப்பு அசையவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவான்.

எனக்கும் தெரிந்தது. அந்தப் படியில், அரோகரா சத்தத்துக்கு நடுவில், தெளிவாகத் தெரிந்தது. கேமராவைக் கழுத்தில் விட்டுவிட்டு இடது கண்ணை ஒரு தடவை பொத்திப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். பொத்தவில்லை. பயமாக இருந்தது. கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு மேலே போனது, நானும் போனேன், சாமியைக் கும்பிட்டேன், இறங்கினேன். இறங்குகிற வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து மூன்றாவதாக ஓர் அடாப்டருக்கு ஆர்டர் போட்டேன். அதுவரைக்கும் நான் செய்ததை அறியாமை என்று சொல்லலாம். அதற்குப் பிறகு செய்ததற்கு வேறு பேர்.

புதன், வியாழன் இரண்டு நாளும் பள்ளிக்கூடம் போனேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் எதுவும் தெரியவில்லை, இடது கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. அதனால் இடது கண்ணை மூடக்கூடாது என்பதில் மிக ஜாக்கிரதையாக இருந்தேன். முகம் கழுவும்போது இரண்டு கண்ணையும் சேர்த்து மூடிச் சேர்த்துத் திறந்தேன். கண்ணில் சுண்ணாம்புத் தூள் விழுந்தால்கூடத் தேய்க்கவில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். வீட்டில் குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினேன். உப்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது அடாப்டர் வந்தது. கூடத்தில் நின்றபடியே பிரித்து மாட்டினேன். சுவரில் இருந்த தினசரிக் காலண்டரைப் பார்த்து வலது கண்ணை வைத்தேன். கறுப்பு இப்போது மூலையில் இல்லை. கீழிருந்து திரை மாதிரி ஏறிக் காலண்டரின் பாதியைத் தொட்டிருந்தது. அதன் விளிம்பு தண்ணீர் போல லேசாக அலைந்தது.

"இங்க வா" என்று சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கேமராவை அவளிடம் நீட்டினேன்.

"இதுல பாரு. இடது பக்கம் கீழ கறுப்பா இருக்குதா?"

அவள் வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடினாள். "இல்லியே" என்றாள்.

"நல்லா பாரு. கீழ, லெப்ட்ல."

"பாத்தேன். காலண்டர் தெரியுது, ஆணி தெரியுது, கீழ சுவிட்சு போர்டு தெரியுது. கறுப்பா ஒண்ணுமில்ல."

"பாக்கத் தெரிஞ்சாதானே. ஒரு கண்ண மூடினு பாக்கணும். ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் தெரியாது உனக்கு." இன்னும் என்னென்னவோ வாய்க்கு வந்தபடி சொன்னேன். பதினாறு வருடத்தில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை.

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கேமராவை மேசைமேல் வைத்தாள். எனக்கு எதிரில் இரண்டு அடியில் வந்து நின்றாள். வலது கையைத் தூக்கி, ஈரம் காயாத உள்ளங்கையால் என் இடது கண்ணைப் பொத்தினாள்.

"என்ன பாருங்க."

"கைய எடு."

"மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது."

"நேரா என் மூஞ்சியவே பாருங்க. எங்கிட்ட இன்னா தெரியல?"

நான் பார்த்தேன். நெற்றி இருந்தது, கண் இருந்தது, மூக்கு இருந்தது. தோளுக்குக் கீழே இடது பக்கம் அவள் இல்லை. புடவை இல்லை, கை இல்லை, அவள் நின்ற தரையே இல்லை.

"இப்ப எத்தினி வெரலு காட்டறேன்?"

"எங்க?"

"கீழதான் காட்டினுக்கீறேன்."

"தெரியல" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே நான் மறுபடியும் கேமராவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேனோ என்று நினைத்தாளோ என்னவோ. சமையலறையில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

மறுநாள் விடிந்ததும் சென்னைக்கு ரயில் ஏறினோம். ஆஸ்பத்திரிக்கு அவள்தான் போன் செய்து கேட்டிருந்தாள். தலையை ஆட்டாமல் கூட்டி வாருங்கள், வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம் என்று சொன்னார்களாம். ஆப்பரேஷனாக இருக்கும் என்று அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இடது கண்ணை மூடமாட்டேன் என்று மூன்று நாள் வைராக்கியமாக இருந்தவன், இப்போது மூடாமல் இருக்க முடியவில்லை. வெளியே ஒரு மின்கம்பத்தைப் பார்ப்பேன், இடது கண்ணைப் பொத்துவேன், கம்பம் எந்த இடத்தில் அறுந்து நிற்கிறது என்று பார்ப்பேன். அடுத்த கம்பத்தில் கறுப்பு ஒரு விரல் ஏறியிருக்கிறதா, இல்லை அப்படியே இருக்கிறதா? ஏறிய மாதிரி இருக்கும். அப்புறம் இல்லாத மாதிரி இருக்கும். அவள் இரண்டு தடவை என் கையைத் தட்டிவிட்டாள். மூன்றாம் தடவை கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அரக்கோணத்தில் பாவா ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்தார். மோசூர் தாண்டியது.

"நான்தான் பங்கஸ்னு சொன்னேன்" என்றார்.

"நீங்க ஒண்ணுமில்லன்னுதான் பாவா அப்புறம் சொன்னீங்க. நான்தான் உங்களுக்குக் கண்ணு போச்சுன்னு சொன்னேன்."

"தங்கச்சி சொல்லுச்சி" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. திருவாலங்காடு வந்தது, மணவூர் வந்தது. எப்போதும் கேமராவோடு இறங்கிச் சுற்றுகிற ஊர்கள். அன்றைக்கு எந்த ஊரும் வேகமாகப் போகவில்லை. வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நிதானமாக ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த ஏறுகிறவர்கள் எல்லார்மேலும் கோபம் வந்தது.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பார்த்தவர் சின்ன வயதுப் பெண் டாக்டர். என்னைப் படுக்க வைத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேலே பார், கீழே பார் என்று நெடுநேரம் பார்த்தார். காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்தார். அந்த வட்டம் எனக்குத் தெரிந்த வட்டம்தான், வருடா வருடம் நானே வரைவது. அதில் மேல்பக்கம் குதிரை லாடம் மாதிரி ஒரு கிழிசல் போட்டார். பிம்பம் தலைகீழாக விழுகிற இடம், மேலே கிழிந்ததால்தான் எனக்குக் கீழே கறுத்திருக்கிறது. அங்கிருந்து பாதி வட்டம் வரைக்கும் கோடு கோடாக அடித்தார்.

"விழித்திரை இங்க கிழிஞ்சிருக்குங்க. அந்த ஓட்டை வழியா தண்ணி உள்ள போய், சுவத்துல பெயிண்ட் உரியற மாதிரி மேலேர்ந்து உரிஞ்சிக்கிட்டே வந்திருக்கு. நடுப்பகுதி இன்னும் உரியல. பக்கத்துல வந்து நிக்குது. அது உரிஞ்சிட்டா நாங்க ஒட்டினாலும் பழைய பார்வை வராது." பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "புள்ளி, மின்னல் எல்லாம் எப்போ ஆரம்பிச்சுது?"

"மூணு வாரம் முன்னாடி. ஞாயித்துக்கிழமை காலைல, ஒன்பது மணிக்கு."

இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாரே என்று அவர் நிமிர்ந்தார். அன்று எடுத்த படத்தில் நேரம் பதிந்திருக்குமே.

"அன்னிக்கே வந்திருந்தீங்கன்னா கிழிசலைச் சுத்தி லேசர் வெச்சிருப்போம். பத்து நிமிஷம். அன்னிக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தக் கறுப்புத் திரை எப்போ வந்துது?"

என் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். நேற்றுச் சாயங்காலம்தான் கறுப்பு வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நேற்று என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் எதிரில் அந்த வட்டம் இருந்தது, கோடு பாதிக்கு வந்திருந்தது.

"கிருத்திகை அன்னிக்கு. நாலு நாள் ஆச்சி" என்றேன்.

அவள் என் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

அன்று சாயங்காலமே ஆப்பரேஷன் செய்தார்கள். மரத்துப் போக ஊசி போட்டாலும் நினைவு இருந்தது. கண்ணுக்குள் ஏதோ ஊர்வதும் வெளிச்சம் கலங்குவதும் தெரிந்தது. நடுப்பகுதி உரிவதற்கு முன்னால் எட்டிவிட்டோம் என்று முடித்துவிட்டு டாக்டர் சொன்னார். உரிந்ததை ஒட்டி வைக்கக் கண்ணுக்குள் வாயுவை அடைத்திருந்தார்கள். அந்த வாயுக் குமிழி பின்பக்கம் போய் விழித்திரையை அழுத்திக்கொண்டிருக்க, ஒரு வாரம் இரவும் பகலும் முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும். கண் தப்பியது. இன்றைக்கு அந்தக் கண்ணால் பேப்பர் படிக்கிறேன். ஓரத்தில் கொஞ்சம் மங்கல் உண்டு. இடது கண்ணிலும் ஓர் இடத்தில் விழித்திரை மெலிந்திருக்கிறது என்று அங்கே லேசர் வைத்தார்கள். டாக்டர் சொன்ன மாதிரியே பத்து நிமிஷம்தான் ஆனது.

அந்த ஒரு வாரத்தைத்தான் சொல்ல வேண்டும். கட்டிலின் ஓரத்தில் தலையணையை அடுக்கி அதன்மேல் நெற்றியை வைத்துக் கவிழ்ந்து கிடந்தேன். தரையில் நாலு டைல்ஸ் தெரியும், யாராவது வந்தால் அவர்கள் பாதம் தெரியும். அவள் எல்லாம் செய்தாள். மூன்று வேளை சொட்டு மருந்து விட்டாள், உறிஞ்சிக் குடிக்க ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி வைத்தாள், பிடரி வலிக்கு எண்ணெய் தடவினாள். பேச்சு மட்டும் இல்லை. தேவைக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு நாள் மறைத்தீர்களே என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கவிழ்ந்து கிடந்து, என்ன பதில் சொல்வது என்று யோசித்து யோசித்து நிறைய வைத்திருந்தேன்.

ஐந்தாவது நாள் மத்தியானம் மருந்து விட்டுவிட்டு அவள் போகவில்லை. பாதம் இரண்டும் அங்கேயே நின்றன. அப்புறம் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். அவள் முழங்கால் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"அந்த வெள்ளிக்கிழம, கேமராவ எங்கையில குடுத்து கறுப்பா இருக்குதான்னு கேட்டீங்களே. அப்ப உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"ஆங்" என்றேன்.

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

யோசித்து வைத்திருந்தவற்றில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. "நீ இருக்குதுன்னு சொல்லுவன்னு" என்றேன்.

அவள் மருந்துப் புட்டியைத் தரையில் வைத்தாள்.

"சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் வாயெடுத்தேன். மூணு வாரமா இதே ரோதன. தூசு இருக்குதா, கோடு இருக்குதான்னு. நான் இன்னா சொன்னாலும் உனக்குத் தெரியாது, பாக்கத் தெரியாது. ஆங், கறுப்பா இருக்குதுன்னு சொன்னா வுட்டுடுவாரு, நானும் போயி வேலையப் பாக்கலாம்னு."

அவள் அப்படிச் சொல்லியிருந்தால் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே நாலாவது அடாப்டருக்கு ஆர்டர் போட்டிருப்பேன்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"கேமராவ நீட்டும்போது உங்க கை நடுங்கினு இருந்துச்சி" என்றாள். "லென்ஸ் கெட்டுப்போச்சின்னா யாருக்காவது கை நடுங்குமா?"